நாற்பத்தொன்று சேறுகள்

ஆறு வருடம் நான் எதுவும் வரையவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.
ஆண்டுத் திட்டம் எழுதினேன்,
தூரிகைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினேன்,
பத்தாம் வகுப்பு நோட்டுகளின் ஓரத்தில்
"இன்னும் துணிந்து செய்" என்று
சிவப்பில் எழுதிக்கொண்டே இருந்தேன்,
நீச்சல் தெரியாத ஒருத்தி கரையில் நின்று
ஆழத்துக்குப் போ, ஆழத்துக்குப் போ
என்று கத்துவதுபோல.

நவம்பரில் ஒரு ஞாயிறு.
கிளைபெடா துறைமுகத்தில் கிரேன்கள்
தலையில்லாமல் நின்றன, அவ்வளவு மூடுபனி.
படகு வரவில்லை. கையில்
ரொட்டி சுற்றிய காகிதம் மட்டும் இருந்தது.
பேனாவை எடுத்துப் பனியை வரையப் பார்த்தேன்.
பனிக்குக் கோடு கிடையாது என்று
பதினான்கு வருடமாக வகுப்பில் சொல்லிவருகிறேன்.
எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் சமையலறை மேசை பறிபோனது.
கண்ணாடியில் மை உருட்டி, துணியால் துடைத்து,
காகிதம் பரப்பி, கரண்டியின் முதுகால் தேய்த்து
உரித்தெடுத்தால்
ஒவ்வொரு முறையும் சேறு.
நாற்பத்தொன்று சேறுகள்.
சூப்பில் மை வாடை என்றார் கணவர்.
உப்பு போதுமா என்று கேட்டேன்.

ஸ்கைஸ்தே என்றொரு பெண்,
அழித்து அழித்துத் தாளில் ஓட்டை போடுவாள்.
முன்பெல்லாம் தாளின் விலையைச் சொல்லியிருப்பேன்.
அந்த வாரம் சொல்ல வாய் வரவில்லை.
பையிலிருந்து என் கிழிசல் ஒன்றை எடுத்து
அவள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
"உங்களுடையது பெரிய ஓட்டை" என்றாள்.
அன்று அவள் அழிரப்பரைத் தேடவில்லை.
நானும் எதையும் விளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சுவரில்
மாணவர் படங்களின் நடுவே
இருபத்தேழாம் சேற்றைப் பெயர் போடாமல் குத்திவைத்தேன்.
தோமந்தாஸ் எழுந்து போய் மூக்கு உரசப் பார்த்தான்.
"இதைச் செய்தவருக்குப் பயம்.
நடுவில் மட்டும் தேய்த்திருக்கிறார்.
ஓரத்துக்குப் போகவே இல்லை. ஐந்து."
பத்துக்கு ஐந்து.
மணி அடிக்கும்வரை நகங்களை மடக்கி வைத்திருந்தேன்.

ஜனவரிக்குள்
சுவரெல்லாம் பதினெட்டு சாம்பல் கடல்.
அதே பனி, அதே துடைப்பு,
இடது மூலையில் நான் விடும் அதே வெள்ளை.
"நம் பள்ளிக்கென்று ஒரு பாணி வந்துவிட்டது"
என்று துணை முதல்வர் அல்கிமந்தாஸ் கை குலுக்கினார்.
என் இருமலைப்
பதினெட்டுத் தொண்டைகளில் கேட்டதுபோல் இருந்தது எனக்கு.
சாயங்காலம் என்னுடையவற்றை மட்டும்
கழற்றிச் சுருட்டிக்கொண்டேன்.
ஆணித் துளைகள் அங்கேயே இருந்தன,
பிள்ளைகளின் கடல்களும்தான்.

பத்தொன்பதாவது, தோமந்தாஸுடையது.
அவன் அப்பா துறைமுகத்தில் ஓட்டும் சுமை வண்டி.
சக்கரம் கதவைவிடப் பெரிது,
நிழல் தப்பான பக்கம் விழுகிறது,
நிறமோ
கண்ணைக் குத்தும் ஆரஞ்சு.
எங்கே வாங்கினாய் என்றேன்.
வாங்கவில்லையாம். துருத்தடுப்புப் பெயின்ட்,
அப்பாவின் டப்பாவில் அடியில் ஒட்டியிருந்தது.
ஒரு கரண்டி கிடைக்குமா என்று கேட்டபோது
என் குரல்
கடன் கேட்கிறவளின் குரலாக இருந்தது.

ஜாம் பாட்டிலில் கொண்டுவந்தான்.
அது மையோடு சேர மறுத்தது.
உருளையில் திரிந்தது, காகிதத்தில் வழுக்கியது,
கீழ் ஓரத்தில், நான் போகாத அந்த ஓரத்தில்,
தழும்புபோல் ஒரு கீற்று விட்டது.
நன்றாக இருந்ததா, தெரியவில்லை.
சேறு, நாற்பத்திரண்டு.

திங்களன்று அவன் நோட்டில்
வழக்கமான வாக்கியத்துக்குப் பேனா போனது, நின்றது.
"டப்பாவில் இன்னும் மிச்சம் இருக்கிறதா?"
என்று எழுதிக் கொடுத்தேன்.

புதன்கிழமை நோட்டு திரும்பியது.
அடியில் பென்சிலில், கோணல் எழுத்தில்:
"இருக்கிறது. மூடியை ஆணி வைத்துத்தான் திறக்கணும்.
கை ஜாக்கிரதை."